எட்டு மணி நேர இருட்டு

முன்பக்கம்
(நாள் 38, 14:25 மணிக்கு எழுதிச் சேர்த்தது)

இதை எடுத்துப் படிப்பவருக்கு. என் பெயர் த. குற்றாலிங்கம். வயது அறுபத்தொன்பது. ஓய்வு பெற்ற உயிர்வேதியியல் பேராசிரியர். நிலவின் தென்துருவ முகட்டில், ஒரு வேன் அளவே உள்ள சோதனை அறையில் தனியாக இருக்கிறேன். இந்தக் குறிப்பேட்டில் வருவன:

1. பசும்படலம் என்பது என்ன, நான் ஏன் இங்கே வந்தேன்.
2. முதல் முப்பது நாள். அதில் குறை எதுவும் இல்லை.
3. பத்து நாள் மிச்சமிருக்கும்போது நான் போட்ட கையெழுத்து.
4. ஆய்வக ஆவணத்தில் நான் மறைத்தது.
5. பழுத்த படலத்துக்கு மருந்து: எட்டு மணி நேர முழு இருட்டு.

நேரமில்லாதவர் ஐந்தாவதை மட்டும் படித்து அப்படியே செய்தால் போதும். விதிப்படி இந்தக் குறிப்பேட்டில் எழுதியதை அழிக்கவோ மாற்றவோ முடியாது. முன்பக்கத்தை ஒரே ஒரு முறை எழுதலாம். மற்றபடி கீழே கீழே சேர்த்துக்கொண்டுதான் போக வேண்டும்.

நாள் 1. 09:00
பச்சை எண்: இடது 100, வலது 100. கரியமில வாயு 0.3 விழுக்காடு.

சட்டகம் இரண்டு. ஒவ்வொன்றும் ஒரு கதவு அளவு. கண்ணாடிகளுக்கு நடுவே துணி, துணியின் மேல் உயிருள்ள பாசிப் படலம், பின்னால் விளக்கு. நான் விடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவைப் படலம் எடுத்துக்கொள்கிறது, பிராணவாயுவைத் திருப்பித் தருகிறது. நிறமானி அதன் பசுமையை நூற்றுக்கு அளந்து சொல்கிறது. மொத்தச் செய்தியும் இவ்வளவுதான். இதற்கு என் வாழ்நாளில் இருபத்தாறு வருடம் போயிருக்கிறது.

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் பிறந்த இந்தப் படலத்தை ஒரு நிறுவனம் எடுத்து, பெரிதாக்கி, விற்பனைக்குக் கொண்டுவருகிறது. ஒப்பந்தத்தின் பதினேழாம் பிரிவுப்படி, படலத்தைக் கண்டுபிடித்தவரே முதல் விற்பனைத் தொகுதியின் காற்றை நாற்பது நாள் சுவாசித்துக் காட்ட வேண்டும். நிறுவனத்தின் தயாரிப்புத் தலைவர் தாமோதரசாமி கோயம்புத்தூர்க்காரர். பிரிவை எனக்கு விளக்கும்போது சிரித்தார். “சமையல்காரரே மொதல்ல சாப்பிட்டுக் காட்டற மாதிரிங்க சார்.”

நான் சிரிக்கவில்லை. என் சமையல் மேல் எனக்கு எப்போதுமே சந்தேகம் உண்டு.

நாற்பதாம் நாள் நான் ஏற்புச் சான்றிதழில் கையெழுத்திட்டதும், இதே தொகுதிப் படலத்தோடு ‘கடலோடி’ என்ற கப்பல் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு செவ்வாய்க்குக் கிளம்பும்.

நாள் 9. 09:00
இடது 100, வலது 99. வாயு 0.3.

ஒவ்வொரு அளவையும் இரண்டு முறை எடுக்கிறேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் சந்தேகம் வந்து மூன்றாவது முறையும் எடுக்கிறேன். 99 என்பது கண்ணாடியில் பட்ட என் கைரேகை. துடைத்தேன். 100.

நாள் 19. 09:00
இடது 100, வலது 100. வாயு 0.3.

எழுத ஒன்றும் இல்லை. எழுத ஒன்றும் இல்லாமல் இருப்பதே நல்ல செய்தி என்று மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன். இங்கே தனியாக அதை நம்புவது கடினம்.

நாள் 28. 17:10
இடது 100, வலது 100. வாயு 0.3.

தாமோதரசாமியிடமிருந்து வந்த செய்தி, அப்படியே:

“சார், வணக்கமுங்க. படலம் தங்கமாட்ட இருக்குதுங்க. ஒரு சின்ன விசயம். கடலோடி முப்பத்தொண்ணாம் நாள் கெளம்பலீன்னா அடுத்த பாதை தொறக்க ரெண்டு வருசத்துக்கு மேல ஆகுமுங்க. அதுக்குள்ள வேற கம்பெனிக்காரன் வேற எதையாச்சும் கொண்டாந்து நிறுத்திருவானுங்க. மிச்சம் பத்து நாளு சும்மா சடங்குதானுங்களே? உங்க லேப்புல நானூத்திப் பன்னெண்டு நாள் இடைவிடாம ஓடியிருக்குது. அந்தக் காகிதம் இருக்கறப்ப நமக்கென்னங்க பயம்?”

‘இடைவிடாம’ என்ற சொல் வந்த இடத்தை மட்டும் இரண்டு முறை ஓட்டிக் கேட்டேன். பிறகு கண்ணாடியைத் துடைக்கப் போனேன்.

நாள் 30. 11:00
இடது 100, வலது 100.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை. அவர் மரியாதையாகக் கேட்டார், எனக்கு மறுத்துப் பழக்கமில்லை. ‘நாற்பது நாள்’ என்று அச்சிட்டிருந்த இடத்தில் ‘முப்பது’ என்று திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பமும் போட்டேன். தவறான காரியத்தையும் முறையாகச் செய்வேன்.

நாள் 31. 16:40
கடலோடி கிளம்பிவிட்டது. அவர்கள் தங்கள் படலத்துக்கு விளக்கேற்றியது என்னுடையதற்கு நான்கு நாள் பின்னால். அதாவது நான் அவர்களுக்கு நான்கு நாள் முன்னால் போய்க்கொண்டிருக்கிறேன். கப்பலின் கேப்டன் மெஹருன்னிசா அனுப்பியது:

“ப்ரொஃபசர், பன்னிரண்டு பேரும் உங்க காத்துலதான் மூச்சு விட்டுட்டு இருக்கோம். கொஞ்சம் பாசி வாடை அடிக்குது, கம்ப்ளெய்ன்ட் இல்ல. எங்க டாக்டர் அதை மீன் குழம்புன்னு நெனச்சுக்கச் சொல்றார். அவரு சுத்த சைவம், அவருக்கு என்ன தெரியும்!”

பத்து தடவை கேட்டேன். சந்தோஷமாக இருந்தது. எழுதி வைக்கிறேன்.

நாள் 33. 09:00
இடது 94, வலது 95.

துடைத்தேன். 94, 95. நிறமானியைக் கழற்றி வெள்ளைத் தாளில் வைத்துச் சரிபார்த்தேன். மானியில் பிழை இல்லை.

நாள் 34. 09:00
இடது 83, வலது 83.

ஓரங்களில் மஞ்சள். இலை பழுப்பது போலவே படலம் பழுக்கிறது. தாமோதரசாமிக்குத் தெரிவித்தேன். செய்தியை நான்கு முறை எழுதி, நான்காவதை அனுப்பினேன். அதிலும் ‘ஒருவேளை’ என்ற சொல் மூன்று இடத்தில் இருந்தது.

நாள் 35. 13:30
இடது 70, வலது 71. வாயு 0.5.

சாத்தியமான காரணங்கள்: கதிர்வீச்சு, உப்புக் கரைசல், துணி. முதல் இரண்டையும் சோதித்து நீக்கிவிட்டேன். துணியை நிறுவனம் மாற்றியிருக்க வேண்டும் என்று தோன்றியது. தொழிற்சாலைக்குப் போனால் எல்லாவற்றிலும் ஏதாவது மலிவாக்கிவிடுவார்கள் என்று எனக்குள் வெகுநாளாக ஓர் எண்ணம். கொஞ்சம் கடுமையாகவே எழுதினேன். பதில்:

“சார், துணி நீங்க சொன்ன அதே மில்லு, அதே நூலு, அதே பாவுங்க. அந்த மில்லுக்காரர் தறிய நிறுத்தறேன்னாரு, நாங்க போய்க் கெஞ்சி ஓட்ட வெச்சோமுங்க. உங்க ஆவணத்துல எரநூத்திப் பதினாலு பக்கம். அதுல ஒரு வரி மாத்தலீங்க. இங்க நாங்க ஒவ்வொரு தொகுதியையும் முப்பது நாள் ஓட்டிப் பாக்கறோம். முப்பது நாளும் நூறுங்க. என்னமோ முப்பதுக்கு மேலதான் ஆகுது. உங்களுது நானூறு நாள் ஓடிச்சுங்களே, அது எப்படி ஓடிச்சு?”

எப்படி ஓடியது என்று கேட்கிறார்.

நாள் 36. 10:15
இடது 58, வலது 59. வாயு 1.0. லேசான தலைவலி.

மத்திய தளத்திலிருந்து என்னை அழைத்துப்போக வண்டி கிளம்பிவிட்டது. கரடுமுரடான பாதை. நாள் 39, 18:00 மணிக்கு வந்து சேரும். வெளியே போடும் விண்ணுடையில் ஐந்து மணி நேரக் காற்று இருக்கிறது. கடலோடியால் உடனே திரும்ப முடியாது. எப்படி வளைந்து வந்தாலும் எழுபத்தொரு நாள் ஆகும். அவர்களிடம் வாயுவை உறிஞ்சும் ரசாயனப் பெட்டிகள் எட்டு நாளைக்கு மட்டும் உள்ளன.

எட்டு நாள். பன்னிரண்டு பேர்.

10:50
ஆய்வகத்தின் 412 நாள் வரைபடத்தைத் திரையில் வைத்து, இங்குள்ள எண்களோடு ஒவ்வொரு நாளாக ஒப்பிட்டேன். முப்பது நாள் வரை இரண்டும் ஒட்டிப் போகின்றன. அங்கே முப்பத்தொன்றாம் நாள் ஒரு நேர்கோடு. பிறகு மறுபடி புள்ளிகள். அறுபத்திரண்டில் இன்னொரு நேர்கோடு.

உண்மையான அளவு ஒருநாளும் அவ்வளவு நேராக வராது. அந்தக் கோடுகளை நான் வரைந்தேன். ஸ்கேல் வைத்து.

11:30
மறைத்ததை எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை. அந்த நாட்களில் ஆய்வக விளக்குகள் அணைந்திருக்கும். 412 நாளில் பதின்மூன்று முறை.

இந்த நிறுவனத்துக்கு முன்னால் வேறொரு நிறுவனத்தார் பார்க்க வந்தார்கள். நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போயிற்று. அவர்களில் ஒருவர், “விண்வெளிக்குக் காத்து விக்கப்போறவர் வீட்டுல ஃபேனே ஓடல” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் திரும்பி வரவில்லை.

தாமோதரசாமி வந்தபோது ஆவணத்தில் அந்தப் பதின்மூன்று நாளும் இல்லை. முந்தின நாளின் புள்ளியையும் அடுத்த நாளின் புள்ளியையும் சேர்த்துக் கோடு போட்டு, மேலே ‘தொடர் வெளிச்சம்’ என்று தலைப்பிட்டேன். பதின்மூன்று நாள் குறைவது அறிவியலில் ஒரு பொருட்டே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் வேலையைப் பார்த்து யாரும் சிரித்துவிடக் கூடாது என்பதுதான் உண்மையான காரணம்.

படலத்துக்கு அந்த இருட்டு தேவையாக இருந்திருக்கிறது.

நாள் 37. 12:00
இடது 49, வலது 50. வாயு 2.1. இன்று கடலோடியில் 94.

காலை எட்டரைக்கே எல்லாவற்றையும் ‘ஒருவேளை’ இல்லாமல் எழுதி அனுப்பினேன். தாமோதரசாமியின் பதில் மூன்று மணி நேரம் கழித்து வந்தது.

“சார். நான் உங்களை மூணு தடவ கேட்டனுங்க. இடைவிடாமயா, இடைவிடாமயான்னு. கரண்டு போச்சுன்னு சொல்லியிருந்தா நான் என்ன உங்களைக் கடிச்சா தின்னுருப்பேன்? எங்க ஊருல போகாத கரண்டா? இங்க பேக்டரியில மூணு ஜெனரேட்டர் வெச்சு ஒரு நிமிசம் வெளக்கு அணையாம பாத்துக்கிட்டோமுங்க. அதுக்குன்னே ரெண்டு ஆளு. ராத்திரி பகலா காவல் காத்தோமுங்க சார், படலத்த சாகடிக்க.”

அதே செய்தியின் முடிவில்:

“எல்லாத் தப்பையும் உங்க பேர்ல எழுதி வைக்கச் சொல்றாங்க இங்க. நான் இன்னும் எழுதலீங்க. மொதல்ல மருந்தப் பாருங்க.”

என் பேரில் எழுதலாம் என்று பதில் அனுப்பினேன். கூடவே ஒரு வேண்டுகோள். ஆய்வகத்தில் பாசி வளர்த்த தட்டுகளைப் பார்த்துக்கொண்ட இசக்கியம்மாளைக் கண்டுபிடித்து, மின்தடை அன்று என்ன செய்வார் என்று கேட்கச் சொன்னேன். ஓய்வு பெற்று நாகர்கோவிலில் மகள் வீட்டில் இருக்கிறார். நிறுவனத்துப் பொறியாளர்கள் மூன்று வாரம் எங்கள் ஆய்வகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். எல்லாக் கேள்வியையும் என்னிடமே கேட்டார்கள். நானும் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

நாள் 38. 06:00
இடது 41, வலது 42. வாயு 3.4.

ஆய்வகப் படலம் பழுக்கும் முன்பே இருட்டைக் கண்டது. பழுத்த பிறகு இருட்டு உதவுமா என்பது யாருக்கும் தெரியாது. இடது சட்டகத்தைப் போர்வையால் மூடி அதன் விளக்கை அணைக்கிறேன். ஒன்பதிலிருந்து ஐந்து வரை என்றால் எட்டு மணி நேரம். வலது எரியட்டும்.

கேப்டன்: “எங்க பன்னிரண்டு சட்டகமும் ஒரே சுவர், ஒரே ஸ்விட்ச். பாதி மூடிப் பாக்கலாம்னா வழியில்ல. எங்களுக்கு ஒரே ஒரு சான்ஸ்தான். உங்க நம்பர் வராம நான் அந்த ஸ்விட்ச்சைத் தொடமாட்டேன்.”

14:00
விளக்கேற்றினேன். இடது 41. வாயு 4.4.

14:20
இடது 46. ஏறுகிறது. மூன்று முறை எடுத்தேன். 46.

14:25
முன்பக்கத்தை எழுதினேன். ஐந்தாவது குறிப்பைக் கப்பலுக்கு அனுப்பினேன். “எட்டு மணி நேரம். நிச்சயம்” என்று எழுதினேன். அந்தச் சொல்லை நான் அதிகம் பயன்படுத்துவதில்லை.

கேப்டன் 15:00 மணிக்கு அணைக்கப்போகிறார்.

14:40
இடது 40.

14:46
இடது 22. மஞ்சள் போய் வெள்ளை ஆகிறது. நடுவிலிருந்து ஓரத்துக்கு.

14:48
“அணைக்காதீர்கள்” என்று அனுப்பினேன். அந்த ஒரே சொல்தான். மறுபடி அனுப்பினேன். மறுபடி.

14:59
“அணைக்கல. கை ஸ்விட்ச்சு மேலதான் இருந்துச்சு. ப்ரொஃபசர், ‘நிச்சயம்’னு அனுப்பினீங்க. அதுக்கு முன்னாடி அனுப்பினதுல எல்லாம் ‘ஒருவேளை’ இருந்துச்சு. அதுவே எனக்குப் பிடிச்சிருந்துச்சு.”

15:05
இடது 3. செத்துவிட்டது.

என்ன நடந்திருக்கும் என்று இப்போது புரிகிறது. வெளிச்சத்தில் படலம் ஒரு கழிவைச் சேர்த்துவைக்கிறது. இருட்டில்தான் அதை வெளியே தள்ளுகிறது. பாதி தள்ளும்போது வெளிச்சம் விழுந்தால் அந்தக் கழிவே படலத்தை எரித்துவிடுகிறது. எட்டு மணி நேரம் என்பது நடுவழி. முழு வழி எவ்வளவு? பத்தா, பன்னிரண்டா? ஆய்வகத்தில் எட்டுதானே. அங்கே எரியவில்லையே.

15:22
இசக்கியம்மாளின் குரல். இருபத்தாறு வருடம் தினம் கேட்ட குரல்.

“சார், இசக்கியம்மா பேசுதேன். நல்லாருக்கியளா? கம்பெனிக்காரவுக வீட்டுக்கே வந்துட்டாவ. கரண்டு நிறுத்துன அன்னைக்கி என்ன செய்வேன்னு கேக்காவ. என்ன செய்ய, ஒண்ணுஞ் செய்ய மாட்டேம்லா. ஒம்பது மணிக்கிப் போச்சுன்னா நீங்க செத்த நேரம் இருந்து பாத்துட்டு வீட்டுக்குப் போயிருவிய. நான் தட்டெல்லாம் கழுவி வச்சிட்டு மத்தியானமே கெளம்பிருவேன். போம்போது லைட்டு மெயின அமத்திட்டுல்லா போவேன். அஞ்சு மணிக்கிக் கரண்டு குபீர்னு வந்து லைட்டெல்லாம் போயிருச்சுன்னா நீங்க என்னய வைவியள்லா? மறுநா காலைல ஒம்பது மணிக்கி வந்துதான் போடுவேன். பதிமூணு தடவயும் அப்பிடித்தான். ஏன் சார், தப்பா? யாரும் எங்கிட்ட கேக்கலியே சார்.”

ஒன்பதிலிருந்து ஒன்பது. இருபத்துநான்கு மணி.

ஐந்து மணிக்கு மின்சாரம் வந்ததும் விளக்கும் எரிந்திருக்கும் என்று நான் எண்ணிக்கொண்டேன். அப்போது வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். பார்க்காததைப் பார்த்ததாக எழுதினேன்.

15:40
கணக்கு. வாயு 4.7. எட்டைத் தாண்டினால் நினைவு தப்பும். பத்தைத் தாண்டினால் மூச்சு நிற்கும்.

வலது சட்டகம் எரிந்துகொண்டே இருந்தால், கடைசியில் விண்ணுடையையும் போட்டுக்கொண்டால், வண்டி வரும்போது 7.4. உயிரோடு போய்விடுவேன்.

கப்பலுக்காக வலதை இருபத்துநான்கு மணி நேரம் அணைத்துப் பார்த்தால், படலமும் இருட்டில் என்னைப் போலவே மூச்சு விடும். 8.3. அதுவும் அசையாமல் படுத்திருந்தால்.

இரண்டையும் கப்பலுக்கு அனுப்பினேன். கேப்டன்:

“உங்களுக்கு வண்டி வருது. சும்மா இருந்தீங்கன்னா ஊருக்குப் போயிடுவீங்க. நான் கேக்கமாட்டேன் ப்ரொஃபசர். இது கேக்கிற விஷயம் இல்ல. எங்க ஆளுங்க இப்ப கேரம் ஆடிட்டு இருக்காங்க. டாக்டர் ரெட் காயை மறுபடி தவற விட்டுட்டாரு. அவ்ளோதான் நியூஸ்.”

15:55
ஒரே ஒரு முறை யாராவது ‘செய்யுங்கள்’ என்று சொன்னால் எளிதாக இருக்கும். இதுவரை என் வாழ்க்கையில் எல்லாவற்றையும் யாரோ சொல்லித்தான் செய்திருக்கிறேன். கையெழுத்து உட்பட.

16:00
இடதிலிருந்த போர்வையை எடுத்து வலதை மூடி, அதன் விளக்கை அணைத்தேன். வலது 42. நாளை 16:00 மணிக்கு விளக்கு தானாக எரியும்படியும், நிறமானி தானாக எண்ணை அனுப்பும்படியும் வைத்திருக்கிறேன். அறை விளக்கும் திரையும் அணைகின்றன. இனி குரலில் சொல்கிறேன். கருவி எழுதிக்கொள்ளும்.

நாள் 38. 17:30 (குரல்)
படுத்திருக்கிறேன். வாயு 5.0. மானி எண்களை மெல்லிய குரலில் சொல்கிறது. முதலில் அந்தக் குரல் பிடிக்கவில்லை. இப்போது பரவாயில்லை.

20:15 (குரல்)
5.5. வண்டியிலிருந்து செய்தி. பாறைச் சரிவைச் சுற்றி வருகிறார்களாம். 18:00 இல்லை, 21:00 ஆகும் என்றார்கள். மன்னிப்புக் கேட்டார்கள். பரவாயில்லை என்று சொன்னேன். எல்லோரிடமும் அதைத்தான் சொல்வேன்.

நாள் 39. 06:50 (குரல்)
7.5. தூங்கினேனா தெரியவில்லை. தலையில் சுத்தியல். இதயம் வேகமாக... இருமுறை எண்ணினேன், இரண்டு எண்ணும் வேறு வேறு. மூன்றாவது முறை எண்ணவில்லை.

போர்வையை விலக்கிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஒரு மூலையை மட்டும். பார்த்தால் கெட்டுவிடும். பார்க்கவில்லை. எழுதிக்கொள், பார்க்கவில்லை.

09:40 (குரல்)
8.0. பதினொரு மணிக்குப் போட வேண்டிய விண்ணுடையை இப்போதே போடுகிறேன். கணக்குப்படி தவறு. வாந்தி வந்தது. மன்னிக்கவும். கொக்கி மாட்ட இருபது நிமிடம்.

10:30 (குரல்)
உடைக்குள் காற்று நன்றாக இருக்கிறது. தெளிவாக இருக்கும்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தாமோதரசாமி மீது தவறில்லை. அவர் நான் எழுதியதை ஓர் எழுத்துப் பிசகாமல் செய்தார். இசக்கியம்மாள் மீது தவறில்லை. அந்த இருநூற்றுப் பதினாலு பக்கத்தில் அவர் பெயர் இல்லை. அவர் செய்தது மட்டும்தான் அதில் இருந்திருக்க வேண்டும்.

14:40 (குரல்)
உடைக் காற்று தீர்ந்தது. தலைக்கவசத்தைத் திறந்துவிட்டேன். அறை 8.1. இன்னும் எண்பது நிமிடம்.

15:20 (குரல்)
யாரோ மின்விசிறி போட்டது போல் சத்தம். என் மூச்சு. என் மூச்சுதான்.

கேப்டன் என்னவோ சொன்னார். “அறுபத்தெட்டு” என்றார். அவர்களுடையது. “முழிச்சிருங்க ப்ரொஃபசர். ஏதாச்சும் பேசுங்க. எதையாச்சும் திட்டுங்க. என்னையே திட்டுங்க.” எனக்குத் திட்ட வராது என்றேன். “அப்ப வாய்ப்பாடு சொல்லுங்க” என்றார். பதின்மூன்றாம் வாய்ப்பாடு. பதின்மூன்று ஐந்து அறுபத்தைந்து. பதின்மூன்று ஆறு... நின்றுவிட்டது.

16:00 (குரல்)
விளக்கு. போர்வையின் ஓரத்தில் வெளிச்சம்.
வலது 42.

16:10
44.
நேற்றும் இப்படித்தான். ஏறியது. நம்பாதே. நாற்பது நிமிடம் தாண்ட வேண்டும். கேப்டனிடம் சொன்னேன், நாற்பது நிமிடம் தொடாதீர்கள் என்று. சொன்னேனா? மானி, எண் தானாகப் போகிறதல்லவா. போகிறது.

16:20
47.
நேற்று இருபதாவது நிமிடத்தில் 46. ஒன்றுதான் வித்தியாசம். ஒன்று வெறும் கைரேகை.

16:31
46.
இறங்குகிறது.
கேப்டன், இறங்கு

16:36
46. இறங்கவில்லை. நின்றிருக்கிறது. வாயு 8.4. போர்வையை இழுத்துவிட்டேன். கீழே விழுந்தேன், அப்படியே இருக்கிறேன், பார்க்க வசதி. வெள்ளை இல்லை. வெள்ளை எங்கே. நடுவில் வெள்ளை இல்லை.

16:40
49.

16:44
53. மூன்று முறை கேட்டேன். மானி மூன்று முறையும் 53 என்றது. நான் கேட்க விரும்புவதை அது சொல்கிறதா என்று... எண் தானாகப் போகிறது. நான் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் போகிறது.

“ப்ரொஃபசர், எனக்கும் அம்பத்தி மூணுதான் வருது. இங்க எல்லாரும் ஆட்டத்த நிறுத்திட்டுப் பாத்துட்டு இருக்காங்க. நாற்பது நிமிஷம் தாண்டியாச்சு. ஆனா நம்பர் மட்டும் போதாது. நேத்து நம்பர் ஏறினப்பதான் ஏமாந்தோம். அதைக் கண்ணால பாக்கிறவர் நீங்க ஒருத்தர்தான். நீங்க வாயால சொல்லுங்க. எத்தனை மணி நேரம்?”

16:49
58. ஓரத்தில் பச்சை. நான் பார்க்கிறேன். இது நான் பார்த்தது.

வாயு 8.4. இன்னும் இறங்கவில்லை. என் காற்று எப்போது

முன்பக்கத்தை மாற்ற முடியாது. யாராவது அதை மட்டும் படித்துவிட்டுப் போவார்கள். அதனால் கீழே சேர்க்கிறேன். கேப்டன், இதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை இல்லை.

முன்பக்கத்தின் ஐந்தாவது குறிப்பு தவறு. எட்டு மணி நேரம் இல்லை. இருபத்துநான்கு. அணையுங்கள்.